அதிகாரம் யார் கைக்கு?

1787-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் காலை. பிலடெல்பியா நகரில் ஒரு விடுதிக்குள் கும்பலொன்று கதவை உடைத்துக்கொண்டு புகுந்தது. உள்ளே இருந்தோர் கள்ளருமல்லர், கொலைஞருமல்லர். பென்சில்வேனியா சட்டசபையின் உறுப்பினர்கள் இருவர். மக்கால்மண்ட் என்பார் ஒருவர். மைலி என்பார் மற்றொருவர். இருவரையும் பிடித்துத் தெருவழியே இழுத்துச் சென்று, சட்டசபை மண்டபத்தில் அவரவர் ஆசனத்தில் அமர்த்திவிட்டு, வெளியேற முடியாதபடி வாயிலை அடைத்து நின்றது அக்கும்பல்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? சபைக்கு வராமலிருந்தது! புதிதாகத் தீட்டப்பட்ட அரசியல் சட்டத்தை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யத் தனி மாநாடு கூட்டவேண்டும், அதையும் உடனே கூட்டவேண்டும் எனத் துடித்தனர் ஒரு சாரார். நாட்டு மக்கள் அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்க்கவேனும் நாள் கொடுங்கள் என்றனர் மறு சாரார். கேட்பாரில்லை. எனவே மறு சாரார் சபைக்கு வராமல் நின்றுவிட்டனர். கோரத்துக்கு 46 பேர் வேண்டும். இருந்தவரோ 44 பேர். இரண்டு குறைகிறது. இரண்டைக் கும்பல் கொண்டுவந்து சேர்த்தது. தன்னை வன்முறையால் இழுத்து வந்தனர், போக விடுங்கள் என்று முறையிட்ட மக்கால்மண்ட், வராததற்கான அபராதம் ஐந்து ஷில்லிங்கையும் கட்டிவிடுவதாகச் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. கோரம் சேர்ந்தது, தீர்மானம் நிறைவேறியது!

வலிவான மத்திய அரசு வேண்டும் என்போரின் வாதம் அறிவார்ந்தது, அமைதியானது, அதனை எதிர்ப்போரே அமளிக்காரர்கள் என்று எந்நாட்டிலும் ஓர் எண்ணம் பரப்பப்படுகிறது. அந்த எண்ணத்தோடு அமெரிக்க வரலாற்று ஏடுகளைப் புரட்டுவோர் அந்த விடுதியின் கதவருகே சற்றே நின்று பார்க்கவேண்டும்.

பள்ளியில் நாம் படித்த பாடம் வேறு. துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டினார்கள், 1776-இல் விடுதலைச் சாசனம் தீட்டினார்கள், வாஷிங்டன் வென்றார், பிறகு அறிஞர்கள் கூடி அரசியல் சட்டம் வகுத்தார்கள், நாடு செழித்தது. அவ்வளவுதான் கதை. வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதே நமக்குச் சொல்லப்படவில்லை. சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை மட்டும் சொல்லப்பட்டது. அது வரலாறுகூட அல்ல. வாஷிங்டன் மறைந்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் தம் நூலிலே சேர்த்த கற்பனை! தலைவர்களைத் தெய்வமாக்கும் வேலைக்கு எந்த நாட்டிலும் ஆள் பஞ்சம் ஏற்பட்டதில்லை போலும்.

வேண்டாம் என்றவர்களின் கதையை நாம் பின்னர்தான் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க உவகையும் பெற்றோம், உறுத்தலும் பெற்றோம். இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

பிரிட்டிஷ் மன்னனை விரட்டிய 13 மாநிலங்களும், 1781 முதல், தளர்வான ஓர் உடன்படிக்கையின் கீழ் வாழ்ந்து வந்தன. பொதுக் காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது; மாநிலங்களிடம் கேட்டு வாங்கவேண்டும். உடன்படிக்கையைத் திருத்த அனைத்து மாநிலங்களும் இசையவேண்டும். போர்க்கடனைக் கட்ட வழியில்லை. இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நாம் வாதாடப்போவதில்லை. குறை இருந்தது. ஆனால், அந்தக் குறையைப் போக்க எழுந்த வேகத்துக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது ஏழை உழவரின் கிளர்ச்சி என்பதை மறந்துவிடக் கூடாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி உழவர்கள், விடுதலைப் போரிலே துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர்கள். போர் முடிந்து வீடு திரும்பினர், வரவேற்றது கடன். வரியையும் கடனையும் நாணயமாகவே கட்டவேண்டும் என்றது மாநில அரசு. நாணயமோ கிராமத்தில் இல்லை. கோர்ட்டு, ஜப்தி, ஏலம், கடனாளிச் சிறை! போரிலே காப்டனாகப் பணியாற்றிய டேனியல் ஷேஸ் போன்றோர் தலைமையில் உழவர்கள் திரண்டு, 1786-இல், கோர்ட்டுகளைக் கூடவிடாமல் மறித்தனர். கோர்ட்டு கூடாவிட்டால் ஜப்தி இல்லை, எளிய கணக்கு. 1787 ஜனவரியில் ஸ்பிரிங்பீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் பனியிலே நடந்தவர்கள்மீது பீரங்கி முழங்கியது, நால்வர் மாண்டனர். கிளர்ச்சியை அடக்க வந்த படைக்குப் பணம் தந்தவர்கள் யார் தெரியுமோ? பாஸ்டன் நகரத்துச் செல்வர்கள், தம் சொந்தப் பையிலிருந்து! செய்தி கேட்ட சீமான்கள் நடுங்கினர். பாரிசில் தூதராக இருந்த ஜெபர்சன் மட்டும், எப்போதாவது ஒரு சிறு கிளர்ச்சி எழுவது நாட்டுக்கு நல்லதே என்று நண்பர் மாடிசனுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் கூடியது மாநாடு. பழைய உடன்படிக்கையைத் திருத்துவதற்கென்று அனுப்பப்பட்டவர்கள், அதனை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றைத் தீட்டினர். கதவுகள் சாத்தப்பட்டன, வாயிலிலே காவலர் நின்றனர், உள்ளே பேசியதை வெளியே சொல்லலாகாது என்பது விதி. மாடிசன் எடுத்த குறிப்புகள் அச்சேறியது 1840-இல், அவர் மறைந்து நான்காண்டு கழித்து! வந்து கலந்துகொண்டோர் 55 பேர். கையெழுத்திட்டோர் 39 பேர். இறுதி நாளன்று அங்கேயே இருந்துகொண்டு, எம்மால் கையெழுத்திட முடியாது என்றவர் மூவர்: வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ப், மாசசூசெட்சின் எல்பிரிட்ஜ் கெரி. குடிமக்களின் உரிமைச் சாசனம் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று மேசன் கேட்டார், கெரி ஆதரித்தார். சில மணி நேர வேலை. ஆனால் மாநாடு மறுத்தது. ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

எதிர்த்தோர் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. வர்ஜீனியாவின் பெருநிலக்காரர் பாட்ரிக் ஹென்றி, நாட்டு மக்களாகிய நாம் என்று தொடங்க இவர்களுக்கு யார் உரிமை தந்தது, மாநிலங்களாகிய நாம் என்றல்லவா தொடங்கவேண்டும் என்று இடி முழங்கினார். நியூயார்க்கில் புரூட்டஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார். வரி விதிக்கும் அதிகாரம், நிலைப்படை, தேவையானவை அனைத்தையும் செய்யலாம் என்ற பொதுவிதி, மேலே ஓர் உச்சநீதி மன்றம் — இந்நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் மாநிலங்கள் நாளடைவில் நிழலாகத் தேயும் என்பது அவர் கணிப்பு. மாசசூசெட்சில் மெர்சி ஓட்டிஸ் வாரன் என்ற அம்மையார், பெயர் போடாமல், 1788-இல் எதிர்ப்புத் துண்டு நூலொன்று வெளியிட்டார். கெரிதான் எழுதியிருப்பார் என்றே நூறாண்டுக்கு மேல் உலகம் நம்பிற்று. பெண்ணொருத்திக்கு இத்துணைக் கூர்மை இருக்குமா என்ற எண்ணம்தானே!

நம் நெஞ்சைத் தொட்ட குரல் இவர்களுடையதன்று. மாசசூசெட்ஸ் மாநாட்டிலே எழுந்து பேசிய சிங்கிலெட்டரி என்ற முதியவர், பள்ளிப்படிப்பு இல்லாத கிராமத்தார். இந்த வக்கீல்களும் படிப்பாளிகளும் பணக்காரர்களும் வழவழப்பாகப் பேசி, நம்மைப்போன்ற எளியவர்களை இந்த மாத்திரையை விழுங்கச் செய்யப் பார்க்கிறார்கள். காங்கிரசிலே தாங்களே உட்கார்ந்துகொண்டு, பெருமீன் சிறுமீனை விழுங்குவதுபோல் நம்மை விழுங்குவார்கள் — இந்தக் கருத்துப்படப் பேசினார் அவர். நியூயார்க்கில் மெலங்டன் ஸ்மித் இதையே கணக்காக எடுத்துக் காட்டினார். முதல் பிரதிநிதிகள் சபைக்கு இடம் 65. பல இலட்சம் மக்களுக்கு 65 பேர்! இத்துணைப் பெரிய தொகுதியில் உழவனும் தொழிலாளியும் எப்படி வெல்லமுடியும், பெயரும் பணமும் படைத்தவன்தானே வெல்வான் என்று கேட்டார்.

நேர்மைக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். சிங்கிலெட்டரி அமர்ந்ததும் எழுந்து பதிலளித்தவரும் ஒரு உழவரே. ஜொனாதன் ஸ்மித் என்று பெயர். ஷேஸ் கிளர்ச்சி நடந்த வட்டாரத்துக்காரர். அரசே இல்லாத நிலையை நாங்கள் பார்த்துவிட்டோம், எங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும் என்றார். ஏழைகள் எல்லோரும் ஒரு பக்கமே நின்றார்கள் என்று எழுதிவிட்டால் படிக்க இனிக்கும், உண்மையாகாது.

வாக்குகளைப் பாருங்கள். மாசசூசெட்சில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. வர்ஜீனியாவில் 89, 79. நியூயார்க்கில் 30, 27. ரோட் ஐலண்டு மக்களிடமே நேராக வாக்கெடுத்தது. ஆதரவாளர் பலர் அந்த வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ 2,700 பேர் வேண்டாமென்றனர், வேண்டுமென்றோர் 250 பேர்கூட இல்லை. இறுதியாக 1790-இல், இரண்டே வாக்கு வேறுபாட்டில், அந்தச் சின்னஞ்சிறு மாநிலமும் பணிந்தது.

தோற்றார்கள். ஆனால் தோல்வியிலே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். திருத்துவோம் என்று வாக்குறுதி தந்தாலன்றி மாசசூசெட்சிலோ வர்ஜீனியாவிலோ அரசியல் சட்டம் தேறியிராது. உரிமைச் சாசனம் வெறும் காகித வேலி என்று கருதிவந்த மாடிசனே, தேர்தலில் தம் தொகுதி மக்களுக்கு வாக்குக் கொடுத்து, 1789 ஜூன் 8-இல் காங்கிரசிலே திருத்தங்களைக் கொணர்ந்தார். 1791 டிசம்பரில் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூடும் உரிமை, ஜூரி விசாரணை — இன்று அமெரிக்கர் பெருமையோடு காட்டும் அந்தச் சாசனத்தைக் கேட்டுப் பெற்றவர்கள், அரசியல் சட்டத்தையே எதிர்த்தவர்கள்!

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். மாடிசன் இன்னொரு திருத்தமும் கொண்டுவந்தார். மனச்சான்றின் உரிமை, எழுத்துரிமை, ஜூரி விசாரணை ஆகியவற்றை எந்த மாநில அரசும் மீறலாகாது என்பது அது. தம் திருத்தங்களிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்றார். பிரதிநிதிகள் சபை ஏற்றது. செனட் சபை நீக்கிவிட்டது. விளைவு? மத்திய அரசு மதத்தை நிலைநாட்டக் கூடாது; மாநிலம் நிலைநாட்டலாம்! மாசசூசெட்சில் மதபோதகரைத் தாங்குவதற்கான வரி 1833 வரை சட்டத்திலே இருந்தது. சுதந்திரம் பேசிய மாநிலம், தன் குடிமகனின் பையிலிருந்து பாதிரியாருக்குப் படியளந்தது. எழுத்துரிமைக்கும் மத்திய அரசிடமிருந்து காப்பு கிடைத்தது. தன் மாநிலத்திடமிருந்து குடிமகனைக் காக்க அந்தச் சாசனத்திலே இடமில்லை.

பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்கிறது. வெளிப்படையாகக் கொடுக்கப்படாத என்று ஒரு சொல்லைச் சேர்க்க முயன்றனர் எதிர்ப்பாளர்கள்; மாடிசன் தடுத்தார், சபையும் மறுத்தது. ஒரே ஒரு சொல்! அது இல்லாத இடைவெளியில் நுழைந்துதான் மத்திய அரசின் அதிகாரம் பின்னர் வளர்ந்தது. ஆனாலும், எஞ்சிய அதிகாரம் மாநிலத்துக்கு என்ற அடிப்படையேனும் அங்கு எழுத்திலே நிற்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின் 248-ஆவது பிரிவு அதற்கு நேர்மாறு: எஞ்சியவை அனைத்தும் மத்திய அரசுக்கு. 1974-இல் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதை நினைவிலே வைத்திருக்கும் தோழர்கள், அந்த ஒற்றைச் சொல்லுக்காக அமெரிக்கர் ஏன் அப்படி மல்லாடினர் என்பதை எளிதில் உணர்வர்.

புதிய அரசு வந்தது. முதல் அடி எளியவன்மீதே விழுந்தது. நிதியமைச்சர் ஹாமில்டன் 1791-இல் விஸ்கிக்குத் தீர்வை விதித்தார். மேற்குப் பென்சில்வேனியா உழவன் குடித்துக் களிப்பதற்கு மட்டும் விஸ்கி காய்ச்சவில்லை. மலை கடந்து தானியத்தை மூட்டையாகக் கொண்டுசெல்ல முடியாததால் சாராயமாக்கிக் கொண்டுசென்றான். நாணயமில்லாத ஊரில் அதுவே பணமாகவும் புழங்கிற்று. பெரிய ஆலைக்காரனுக்குச் சலுகையாகவும் சிறியவனுக்குச் சுமையாகவும் அமைந்தது தீர்வை. 1794-இல் உழவர் திரண்டபோது, 13,000 பேர் கொண்ட படை கிளம்பிற்று. வழியில் ஒரு பகுதி தூரம் வாஷிங்டனே உடன் சென்றார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆளில்லை. இருவருக்குத் தேசத்துரோகக் குற்றம் உறுதியாகி, பின்னர் மன்னிப்புக் கிடைத்தது.

துப்பாக்கியை அடக்கியாயிற்று, அடுத்தது பேனா. 1798 ஜூலையில், ஜான் ஆடம்ஸ் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அரசு நிந்தனைச் சட்டம் வந்தது. அரசையோ, காங்கிரசையோ, குடியரசுத் தலைவரையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதினால், பேசினால் 2,000 டாலர் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. துணைத் தலைவரைப்பற்றி மட்டும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் ஜெபர்சன்! சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்தை என்னென்பது! நியூவார்க் நகரில், குடியரசுத் தலைவர் வந்தபோது மரியாதை வேட்டு முழங்கியது. மதுக்கடையருகே நின்ற பால்ட்வின் என்பவர், அந்தக் குண்டு ஆடம்சின் பின்புறத்தில் பாய்ந்திருந்தாலும் கவலையில்லை என்று போதையிலே சொல்லிவைத்தார். அவருக்கும் அபராதம்! ஒரு குடிகாரனின் வாய்ச்சொல்லுக்கு நடுங்கிய அரசை வலிவான அரசு என்கிறார்கள்.

மாத்யூ லயன் என்பாரைத் தோழர்கள் அறியவேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர். கப்பல் கூலி கொடுக்க இயலாமல், உழைத்துக் கழிக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்கா வந்த சிறுவன். அவனுடைய எஞ்சிய உழைப்புக் காலத்தை எருதுகளைக் கொடுத்து வாங்கினான் ஒருவன். அந்தச் சிறுவன் வளர்ந்து, வெர்மாண்ட் மாநிலத்தின் பிரதிநிதியாகக் காங்கிரசுக்குள் நுழைந்தார். எருதுக்கு விற்கப்பட்டவன் என்று சீமான்கள் ஏளனம் செய்தனர். அவரோ அந்த எருதுகளின்மீதே ஆணையிட்டுப் பேசினார். சாந்தமூர்த்தி என்று சொல்வதற்கில்லை. சபையிலேயே கிரிஸ்வால்டு என்ற உறுப்பினரின் முகத்தில் எச்சில் உமிழ்ந்தார். அவர் தடியோடு பாய, இவர் அடுப்பு இடுக்கியை எடுக்க, மக்கள் மன்றம் மல்யுத்தக் களமாயிற்று. அந்த இழிசெயலை நாம் போற்றவில்லை.

ஆடம்ஸ் ஆடம்பரத்தில் மோகங்கொண்டவர் என்ற பொருள்பட லயன் ஏட்டிலே எழுதினார். வழக்கு வந்தது. 1798 அக்டோபரில் நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் என்ற ஊரில், கணப்பில்லாத அறையில் அடைத்தனர்; குளிரோ வெர்மாண்டின் குளிர். சிறையிலிருந்தே எழுதினார், சிறையிலிருந்தே தேர்தலில் நின்றார். டிசம்பரில் மக்கள் அவரைப் பெருவாரியான வாக்குகளால் மீண்டும் காங்கிரசுக்கு அனுப்பினர்! அபராதத் தொகையை ஆதரவாளர்கள் திரட்டினர். சபையிலிருந்து நீக்க முயன்றவர்களுக்கு மூன்றில் இரு பங்கு வாக்குக் கிட்டவில்லை. 1801-இல் ஜெபர்சனா, பர் என்பாரா என்று பிரதிநிதிகள் சபை 35 முறை வாக்கெடுத்தும் முடிவு காணாது திணறியது. 36-ஆம் முறை, வெர்மாண்டின் மற்றோர் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அம்மாநிலத்தின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்த கை, விலங்கு பூட்டப்பட்ட லயனின் கை. அபராதத்தை அவருடைய வாரிசுகளுக்குக் காங்கிரஸ் திருப்பித் தந்தது 1840-இல்.

அந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான் கென்டக்கி, வர்ஜீனியா ஆகிய இரு சட்டசபைகளும் 1798-இன் இறுதியில் தீர்மானம் நிறைவேற்றின. மத்திய அரசு வரம்பு மீறினால் அதைச் சுட்டிக்காட்ட மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்றன. எழுதியவர்கள் மறைவிலே இருந்த ஜெபர்சனும் மாடிசனும். பிற மாநிலங்கள் ஆதரவு தரவில்லை. ஆயினும் ஈராண்டு கடந்து நடந்த தேர்தலில் மக்கள் ஆதரவு தந்தனர். சட்டம் 1801-இல் காலாவதியாயிற்று. ஜெபர்சன் தண்டனை பெற்றோரை விடுவித்தார்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை மிக அழகாக முடியும். மத்திய ஆதிக்கம் கொடியது; மாநில உரிமை நல்லது; வென்றது நீதி! ஆனால் உறுத்தல் என்று முதலிலேயே சொன்னோமே, அது இங்கேதான் தொடங்குகிறது.

1790-இல் எடுத்த கணக்கின்படி அந்நாட்டில் மக்கள் தொகை 39 இலட்சம். அவர்களிலே அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம். உரிமைச் சாசனம் கேட்ட மேசனின் பண்ணையில் அடிமைகள். அடிமை வாணிபத்தைக் கடுஞ்சொற்களால் கண்டித்தவரும் அவரே! ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். ஹென்றியோ, வர்ஜீனியா மாநாட்டில், இந்த மத்திய அரசு ஒரு நாள் போரைக் காரணம் காட்டி உங்கள் அடிமைகளை விடுவித்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். அடிமைத்தனம் தீது என்று ஒப்புக்கொண்டே அப்படி எச்சரித்தார்! விடுதலை, விடுதலை என முழங்கிய அதே நா, அடுத்தவனின் விடுதலையைக் காட்டிப் பயமுறுத்திற்று. வீட்டுக்குள்ளே ஒரு மன்னனாக இருந்துகொண்டு, வெளியே மன்னனை எதிர்த்தவர்கள் இவர்கள். இதனை மறைத்துவிட்டு இவர்களைப் புகழ்வது, செர்ரி மரக் கதை எழுதிய பாதிரியார் வேலையை நாமே செய்வதாகும்.

அப்படியானால் மாநில உரிமை என்பதே அடிமைக்காரனின் கவசம்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1850-இல், தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடுமையான சட்டத்தை மத்திய அரசு இயற்றியது. கேட்டு வாங்கியவர்கள் தென்மாநில அடிமைக்காரர்களே. விஸ்கான்சின் மாநிலத்தில் குளோவர் என்ற தப்பிய அடிமை 1854-இல் பிடிபட்டபோது, மக்கள் மில்வாக்கி சிறைக் கதவை உடைத்து அவரை மீட்டனர். அவர் கனடா சென்று வாழ்ந்தார். மக்களைத் திரட்டிய பூத் என்ற பத்திரிகை ஆசிரியர்மீது மத்திய அரசின் வழக்கு. அந்தச் சட்டமே செல்லாது என்றது விஸ்கான்சினின் நீதிமன்றம். 1859-இல் மத்திய உச்சநீதி மன்றம் அதனைத் தள்ளியது. உடனே விஸ்கான்சின் சட்டசபை, ஜெபர்சனின் கென்டக்கித் தீர்மானச் சொற்களையே எடுத்து எதிர்த்து நின்றது. மறு ஆண்டு பிரிந்துபோன தென் கரோலினா வெளியிட்ட அறிக்கையில் ஒரு குறை: வட மாநிலங்கள் மத்திய அரசின் சட்டப்படி அடிமைகளைப் பிடித்துத் தரவில்லையாம்! மாநில உரிமைக்காகப் பிரிந்தோம் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள், பிறமாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதையே குற்றமாக எழுதிவைத்தார்கள்.

இனி, கால வரிசையில் சற்றே பின்னோக்கி, 1790-களின் பிலடெல்பியாவுக்கே திரும்பவேண்டும். அப்போது அதுவே தலைநகர். பென்சில்வேனியா மாநிலம் 1780-இலேயே படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தார் கொண்டுவந்து ஆறு திங்கள் தங்க வைக்கும் அடிமை, அந்தச் சட்டப்படி விடுதலை கோரலாம். குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் மாளிகையிலும் அடிமைகள் இருந்தனர். அட்டர்னி ஜெனரல் ராண்டால்ப் — 1787-இல் கையெழுத்திட மறுத்த அதே ராண்டால்ப் — என் அடிமைகள் இந்தச் சட்டத்தைச் சொல்லி விலகிவிட்டார்கள், எச்சரிக்கை என்று சொல்லியனுப்பினார். வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு திங்கள் நிறைவதற்குள் ஏதேனும் சாக்குச் சொல்லி அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி, மறுபடி வரவழைத்தார். அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்மை தெரியாதபடி செய்யுமாறு தம் செயலாளருக்குக் கடிதமும் எழுதினார்.

அந்த மாளிகையில் ஓனா ஜட்ஜ் என்றொரு பெண், தலைவரின் துணைவியாருக்குப் பணிவிடை செய்பவர். வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். தம்மைத் தலைவியின் பேத்திக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்றறிந்தார். 1796 மே மாதம், வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த வேளை, வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் சேர்ந்தார். பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று ஏடுகளில் விளம்பரம் வந்தது.

வாஷிங்டன் நிதியமைச்சருக்கு எழுதினார். நிதியமைச்சர் போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரி விப்பிளுக்கு எழுதினார். துறைமுகத்தில் தீர்வை வசூலிக்க அமர்த்தப்பட்ட மத்திய அரசின் ஊழியர், ஓடிப்போன பணிப்பெண்ணைப் பிடித்தனுப்பும் வேலைக்கு ஏவப்பட்டார். புரூட்டசும் சிங்கிலெட்டரியும் மத்திய அதிகாரத்தைப்பற்றிக் கண்ட அச்சங்களிலே இப்படியொன்று இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. அவர்கள் கணக்கில் ஓனா ஜட்ஜ் வரவேயில்லை.

விப்பிள் அந்தப் பெண்ணைச் சந்தித்துப் பேசினார். ஓடியதற்குக் காரணம் விடுதலை வேட்கையே என்று அறிந்து, அப்படியே மேலே எழுதினார். வாஷிங்டன் தம்பதியர் காலத்துக்குப் பின் விடுதலை தருவதாக உறுதியளித்தால் திரும்பி வருவேன் என்று அந்தப் பெண் நிபந்தனை சொன்னதாகவும் எழுதினார். அடிமையோடு பேரம் பேசுவதா என்று வாஷிங்டன் சினந்து மறுத்தார். பலாத்காரமாகக் கப்பலேற்றினால் ஊர் மக்கள் எழக்கூடும் என்று தயங்கிய விப்பிள், சட்ட வழியே போகலாம் என்று கைவிரித்தார். 1799-இல் தலைவரின் உறவினர் ஒருவர் நேரில் வந்து முயன்றபோது, செனட் உறுப்பினர் லாங்டன் முன்னதாகவே செய்தியனுப்பி அந்தப் பெண்ணைத் தப்பவைத்தார். அந்த லாங்டன், பிலடெல்பியாவில் அரசியல் சட்டத்துக்குக் கையெழுத்திட்ட 39 பேரில் ஒருவர்!

ஓனா ஜட்ஜ் மணம் புரிந்தார், எழுத்துக் கற்றார், வறுமையிலே உழன்றார். 1848-இல் நியூ ஹாம்ப்ஷயரில் இறந்தபோதும், சட்டத்தின் கணக்கில் அவர் இன்னொரு குடும்பத்தின் சொத்துதான். இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அடிமை ஒழிப்பு ஏட்டினர் வந்து அவரைக் கண்டனர். குடியரசுத் தலைவரின் மாளிகையை விட்டுவந்து இத்தனை துன்பப்பட்டீரே, வருத்தமில்லையா என்று கேட்டனர். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார் அந்த அம்மையார்.